தட்டு நாள்

கருத்தப்பாண்டி வீட்டில் நாய் குட்டி போட்ட இருபத்தோராம் நாளுக்குத் தட்டு நாள் என்று பெயர். அன்று காலை கேழ்வரகுக் கஞ்சியில் பால் விட்டு ஆற்றி, அகலமான தாம்பாளத்தில் ஊற்றி முற்றத்தில் வைப்பார்கள். குட்டிகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சுற்றி நின்று நக்கும். கருத்தப்பாண்டி ஓசைப்படாமல் பின்னால் வந்து, வெண்கலத் தட்டை இரும்புக் கரண்டியால் ஓங்கி ஒரு அடி அடிப்பார். திரும்பிய குட்டி வீட்டுக்கு. திரும்பாத குட்டி தொட்டிக்கு.

தொட்டி என்பது பழைய மாட்டுத் தொட்டி. மாடுகளை விற்றுப் பல வருஷம் ஆகியும் அதில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டார்கள்.

நிறம் தப்பிய குட்டிக்கு அந்த இருபத்தோரு நாளும் கிடையாது. அவர்கள் வளர்க்கும் பாளையத்து வெள்ளை நாய் என்றால் பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு. காதோரம் ஒரு பழுப்புப் பொட்டு இருந்தாலும், மூக்கில் கடுகளவு கறுப்பு இருந்தாலும், பிறந்த அன்றே தொட்டி. கருத்தப்பாண்டியின் பெண்சாதி இருந்தவரை அவள் செய்தாள். அவள் போன பிறகு, கல்யாணமாகி வந்த இரண்டாம் மாதத்தில் அந்த வேலை மருமகள் தவமணியிடம் வந்தது.

"மொத நாளு கை நடுங்கும்த்தா. பெறகு பழகிரும்" என்றார் மாமனார். ஆறுதல் சொல்வது போலத்தான் சொன்னார்.

பழகவில்லை. கண் திறக்காத குட்டி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். தண்ணீருக்குள் போனதும் அது தவிப்பதில்லை. கை சூடாக இருப்பதால் தாய் மடி என்று நினைத்து விரலைச் சப்பும். அந்தச் சப்பல் நிற்கும்வரை கையை எடுக்கக்கூடாது. இதை அவள் புருஷன் ரத்தினவேலிடம்கூடச் சொன்னதில்லை. நான்கு வருஷத்தில் பதினோரு குட்டிகள்.

நாட்டு நாய்களுக்கு வம்சப் பதிவு வந்த வருஷம் அது. நாயின் எச்சிலை எடுத்து அனுப்பினால் ஏழு தலைமுறைக்கு ஜாதகம் எழுதிக் கொடுத்தார்கள். தொடர்ந்து மூன்று ஈற்றில் ஒரு குட்டிகூட நிறம் மாறாமல் பிறந்தால்தான் ஒரு வீட்டின் பெயரில் வம்சம் பதிவாகும். கருத்தப்பாண்டி வீட்டு நாய்களுக்கு ஈற்றுக்கு இரண்டு குட்டியாவது நிறம் தப்பிப் பிறந்துகொண்டிருந்தன. தொட்டியில் போட்டால் ஊருக்குத் தெரியாது. ஈன்ற அன்றே வந்து குட்டிகளை எண்ணும் பதிவுக்காரர்களுக்குத் தெரிந்துவிடும்.

கருத்தப்பாண்டி பெயருக்கேற்ற நிறம். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரே அவரை "ஏ கரிச்சட்டி" என்றுதான் கூப்பிட்டாராம். அந்த மனிதர் நாற்பது வருஷம் வெள்ளை நாய் வளர்த்தார். சந்தையில் அவர் பின்னால் நாய் நடந்து போகையில், "நெழலு முன்னால போகுது, நாயி பின்னால வருது" என்று கேலி பேசுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்ததும் நாயைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டுவார்.

ஜெபராஜ் வந்தது அப்போதுதான். ஒரு மருந்துக் கம்பெனியின் ஆள். நீலப் பெட்டி ஒன்றைத் திறந்து, கண்ணுக்கு விடும் மருந்து போல ஒரு குப்பியை எடுத்து வைத்தான்.

"அய்யா, கலரு எங்கேருந்து வருதுன்னு நெனைக்கீங்க?"

"ரத்தத்துல இருந்து."

"இல்லய்யா. குட்டி கருவுல புழுவாட்டம் கெடக்கப்ப, கலர் விதையெல்லாம் அதோட முதுகுலதான் இருக்கும். அங்கேருந்து நடந்து ஒடம்பு பூரா போகும். காலுக்கு, வாலுக்கு, மூக்குக்கு. போன எடமெல்லாம் கலராயிரும். இந்தச் சொட்ட சென நாயி மூக்குல மூணு நாள் விட்டா, அந்த விதை நடக்காது. கெளம்புன எடத்துலயே நின்னுரும். குட்டி பூரா வெள்ள."

தவமணி அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "காதுக்குள்ளயும் போகுமா அந்த வெத?"

ஜெபராஜ் சிரித்தான். "காதுக்குள்ள யாருக்கா கலர் பாக்கப் போறா?"

கருத்தப்பாண்டியும் சிரித்தார். பிறகு ஜெபராஜ் பெட்டியை மூடப் போனவன், ஏதோ நினைவு வந்தது போலக் கேட்டான். "வீட்டுல முழுகாம இருக்கவங்க யாரும் இல்லையே? சும்மா கேட்டு எழுதணும்."

தவமணிக்கு அப்போது இரண்டாவது மாதம். தெரிந்தது அவளுக்கும் ரத்தினவேலுக்கும் மட்டும். மூன்று மாதம் முடியாமல் வெளியே சொன்னால் தங்காது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. முந்தின தடவை ஐம்பதாம் நாளே ஆசையில் சொல்லிவிட்டு, அறுபதாம் நாள் இழந்திருந்தார்கள். ரத்தினவேல் அவளை ஒரு முறை பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இல்ல" என்றான்.

ஜெபராஜ் எழுதிக்கொண்டான்.

சினையாக இருந்த நாயின் பெயர் முத்து. தவமணியைத் தவிர வேறு யாரையும் அது தலையைத் தொட விடாது. மூன்று நாளும் அவள்தான் அதன் முகவாயைத் தூக்கிப் பிடித்துச் சொட்டு விட்டாள். இரண்டாம் நாள் முத்து அவள் முகத்திலேயே தும்மியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "சனியனே" என்று செல்லமாகத் திட்டினாள்.

ஒன்பது குட்டி. ஒன்பதும் வெள்ளை. அந்தத் தடவை தொட்டிக்கு வேலை இல்லை. தட்டு நாளன்று கருத்தப்பாண்டி அடித்த அடியில் ஒன்பது தலையும் ஒன்றாகத் திரும்பின. தவமணி சந்தோஷத்தில் அழுதாள். இனி யார் விரலைச் சப்பியும் சாக வேண்டாம் என்று நினைத்தாள்.

நான்கு குட்டிகள் வெளியூருக்குப் போயின. வாங்கியவர்கள் சில மாதத்தில் பேசினார்கள். கூப்பிட்டால் வருவதில்லை, விசில் அடித்தாலும் மதிப்பதில்லை என்றார்கள்.

"வெள்ளைக்கு வீம்பு ஜாஸ்தி" என்றார் கருத்தப்பாண்டி. "கூப்ட்ட ஒடனே ஓடி வந்தா அது தெரு நாயி. யோசிச்சு வந்தாத்தான் சாதி நாயி." அது பலருக்குப் பிடித்துப்போனது. வீம்புக்காகவே கேட்டு வந்தார்கள்.

குட்டிகள் பிறந்து ஆறு மாதம் கழித்துத் தவமணிக்குப் பெண் பிறந்தது. நெற்றிக்கு மேலே ஒரு கற்றை முடி பஞ்சு போல வெள்ளை. கண்களில் ஒன்று பூனைக் கண் போல நீலம். தோல் நிறமோ, அந்த வம்சத்தில் யாரும் கண்ணால் கண்டிராத வெளுப்பு. பிரசவம் பார்த்த நர்ஸ் துணியை விலக்கி விலக்கிப் பார்த்தாள்.

கருத்தப்பாண்டி குழந்தையைக் கையில் வாங்கினார். அவர் கண்ணில் நீர் நின்றது. "கரிச்சட்டிக்குப் பேத்தி பொறந்துருக்கா பாருங்கடா" என்று ஆஸ்பத்திரி வராந்தாவே திரும்பும்படி சொன்னார். யாழினி என்று பெயர் வைத்தார்கள்.

ரேஷன் கடை வரிசையில் வேறு பேச்சு நடந்தது. "நாயி வெளுத்துச்சு, சொட்டு விட்டாக. புள்ள வெளுத்துருக்கே, யாரு விட்டாகளோ" என்று ஒருத்தி முதுகுக்குப் பின்னால் சொல்ல, வரிசையே சிரித்தது. தவமணி வீட்டுக்கு வந்து ரத்தினவேலிடம், "அந்த மருந்துன்னு ஊருக்குச் சொல்லுங்க. நீங்க ஒருத்தர் சொன்னாப் போதும்" என்றாள்.

"அப்பறம், ஏன் அன்னைக்கு இல்லைன்னு சொன்னேன்னு கேப்பாங்களே."

"கேட்டா?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். ஊர் சிரித்ததை அவள் ஒருத்தியே தின்றாள்.

முத்து அடுத்த ஈற்றோடு செத்துவிட, வீட்டில் வைத்துக்கொண்ட அந்த ஐந்து குட்டிகளோடு யாழினி வளர்ந்தாள். அதிலும் சிங்கன் என்ற ஆண் நாயின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் நடை பழகினாள். அது எங்கே போனாலும் போவாள், திரும்பினால் திரும்புவாள், நாய்த் தாம்பாளத்தில் அது குனிந்தால் பக்கத்தில் இவளும் உட்கார்ந்து கையை விட்டுக் கஞ்சியை அள்ளுவாள். இரண்டு வயதானது, மூன்று ஆனது. பேச்சு வரவில்லை.

"எங்கய்யா அஞ்சு வயசுலதான் வாயத் தெறந்தாரு" என்றார் கருத்தப்பாண்டி. கூப்பிட்டால் திரும்பாததற்கும் அவரிடம் விடை இருந்தது. "நம்ம வீட்டு வீம்பு."

மாசிக் கொடைத் திருவிழாவின்போது கோயிலில் உறுமியும் மேளமும் தலைக்கு மேலே முழங்க, மற்ற குழந்தைகள் வீறிட்டு அழ, யாழினி தவமணியின் மடியில் அசையாமல் தூங்கினாள். வீட்டுக்கு வந்ததும், பிள்ளைக்குக் காது கேட்கவில்லையோ என்று மாமனாரிடம் சொன்னாள்.

"என்னத்தா பேசுத?" அவர் எழுந்துபோய் வெண்கலத் தட்டை எடுத்து வந்தார். முற்றத்தில் யாழினி சிங்கன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் நின்று ஓங்கி அடித்தார். சிங்கன் திரும்பியது. யாழினி திரும்பித் தாத்தாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"பாத்தியா?" என்றார்.

தவமணி பார்த்தாள். பார்த்ததை நம்ப அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அந்த ஆசையில் இன்னும் ஒரு வருஷம் போயிற்று.

யாழினிக்கு நான்கு வயது முடிந்தபோது ஜெபராஜ் மறுபடி வந்தான். இந்த முறை நீலப் பெட்டி இல்லை. முகத்தில் பழைய சிரிப்பும் இல்லை.

"அந்தச் சொட்ட நிறுத்திட்டோம்ய்யா. குட்டிக பாதிக்குக் காது கேக்கல. வம்சப் பதிவுக்காரங்க வீடு வீடா வந்து சோதிக்கப் போறாங்க. அதுக்கு முந்தி நாங்க ஒரு பார்வை பாத்துக்கிடுதோம்."

"என் வீட்டு நாய்க்குக் காது கேக்கும். தட்டு அடிச்சுப் பாத்த நாயிங்க."

"எப்படி அடிச்சீங்க? எல்லாத்தையும் ஒண்ணா விட்டா?"

"பெறகு? நாப்பது வருசமா அப்படித்தான்."

"அய்யா, பக்கத்துக் குட்டி திரும்புனா இதுவும் திரும்பும். தோளு இடிக்குதுல்ல? ஒவ்வொண்ணாத் தனியா விட்டு அடிக்கணும். எதுக்க வேற நாயி, ஆளு ஒண்ணும் தெரியக்கூடாது."

ஒவ்வொரு நாயாகச் சுவரைப் பார்க்க நிறுத்திக் கை தட்டினான். சிங்கன் மட்டும் காதை விறைத்துத் திரும்பியது. மற்ற நான்கும் சுவரைப் பார்த்தபடி நின்றன.

"காதுக்குள்ள எலும்புக்கு நடுவுல கொஞ்சம் கலர் விதை இருக்கணுமாம்" என்றான் ஜெபராஜ், யாரையும் பார்க்காமல். "அது போகலைன்னா காது வேல செய்யாதாம். எங்களுக்கே இப்பத்தான் தெரியும்."

தவமணி அதற்குமேல் நிற்கவில்லை. தட்டையும் கரண்டியையும் எடுத்தாள். யாழினியை உள் அறைக்குத் தூக்கிப்போய்ச் சிங்கனை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினாள். புளியங்கொட்டைகளைக் கொடுத்து உட்கார வைத்தாள். பின்னால் போய் நின்று அடித்தாள்.

கதவுக்கு வெளியே சிங்கன் குரைத்தது. யாழினி கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். தவமணி மறுபடி அடித்தாள். மறுபடியும். தட்டின் விளிம்பு நசுங்கும்வரை அடித்தாள்.

ஜெபராஜ் வண்டி கிளம்பிய பிறகு முற்றத்திற்கு வந்து, "எம்மகளுக்குக் காது கேக்கல" என்றாள்.

நசுங்கிய தட்டைக் கீழே வைத்தாள்.

"அஞ்சு வயசுக்குள்ள காதுக்குள்ள கருவி வச்சா கேக்கவும் செய்யும், பேச்சும் வருமாம். கொடையில ஒரு டீச்சர் சொன்னாங்க. நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"போயி?" என்றார் கருத்தப்பாண்டி. "சொட்டுனாலன்னு எழுதுவான். கருத்தப்பாண்டி வீட்டுச் சொட்டு மனுசனுக்கே ஏறிருச்சுன்னு நாடு பூரா தெரியும். வம்சம் இன்னும் ஒரு ஈத்துல பதிவாகப் போகுது தவமணி. ஒரே ஒரு ஈத்து. அதுவரைக்கும் பொறுக்க மாட்டியா?"

"புள்ள பொறுக்குமா மாமா?"

"செவிடா இருந்தா என்ன, லட்சுமி மாதிரி இருக்கா. கட்டிட்டுப் போறதுக்கு வரிசையில நிப்பான்."

ரத்தினவேல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். குழந்தையை வெளியே தூக்கிப்போக விட மாட்டார்கள் என்று தெரிந்ததும், மறுநாள் காலை தவமணி தனியாகவே பஸ் ஏறினாள். பெயரைப் பதிந்து ஒரு தேதி வாங்கி வந்துவிட்டால், அந்தச் சீட்டைக் காட்டிப் பஞ்சாயத்து வைத்தாவது கூட்டிப்போகலாம் என்று கணக்குப் போட்டாள்.

அவள் போனதும் கருத்தப்பாண்டி தன் வேலையைத் தொடங்கினார். சோதிக்க வருகிறவர்கள் செத்த நாயைச் சோதிக்க முடியாது. காய்ச்சலில் போயிற்று என்று எழுதிக்கொள்ளலாம். சிங்கனைக் கொல்லைப்புறக் கொய்யா மரத்தில் கட்டினார். யாழினியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். கஞ்சி ஆற்றி, வயலுக்கு அடிக்கும் மருந்தைக் கலந்து, தாம்பாளத்தை முற்றத்தில் வைத்தார். செவிட்டு நாய்கள் நான்கும் வேப்பமர நிழலில் உறங்கிக்கொண்டிருந்தன.

கஞ்சி வைத்தால் தட்டை அடிப்பது நாற்பது வருஷப் பழக்கம். கை தானாகவே தட்டை எடுத்து அடித்தது. அடித்துவிட்டுக் கை கழுவ உள்ளே போனார்.

நான்கு நாய்களும் எழவில்லை. எப்படி எழும்?

கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் யாழினிக்கு எட்டும் உயரம்தான். சிங்கன் கட்டிக் கிடப்பதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்காது. முடிச்சை அவிழ்க்கவும் தெரியும். அவள் அவிழ்த்துக்கொண்டிருந்தபோதுதான் தட்டுச் சத்தம் கேட்டுச் சிங்கன் பாய்ந்திருக்க வேண்டும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அவளும் ஓடினாள்.

ரத்தினவேல் மொட்டை மாடியில் சோலார் தகடு துடைத்துக்கொண்டிருந்தான். கஞ்சியில் அப்பா என்ன கலந்தார் என்று அவனுக்குத் தெரியும்; கீழே மகள் தாம்பாளத்தருகே உட்காருவதைக் கண்டான். "யாழினி! யாழினி! தொடாத!" என்று தொண்டை கிழியக் கத்தினான். படியிறங்கி ஓடி வருவதற்குப் பதில் அங்கேயே நின்று கத்தினான். சிங்கன் பசியில் இருந்தது, கஞ்சியைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. நாய் திரும்பவில்லை. அதனால் அவளும் திரும்பவில்லை.

தவமணி ஆஸ்பத்திரியில் காது மூக்குப் பிரிவு வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று, வியாழக்கிழமை பத்து மணிக்கு என்று சீட்டு வாங்கினாள். அதில் யாழினி, பெண், நான்கு வயது என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தால், அவசரப் பிரிவு வாசலில் ரத்தினவேல் செருப்பில்லாமல் நிற்கிறான். அவன் சட்டையெல்லாம் கஞ்சி.

"ஆறு தரம் கூப்பிட்டேன் தவமணி" என்றான். "அவ திரும்பவே இல்ல."

பிள்ளையின் வீம்பைக் குறை சொல்வது போல இருந்தது அந்தக் குரல்.

வயல் மருந்தைத் தெரியாமல் எடுத்துத் தின்று பிள்ளை இறந்தது என்று போலீஸில் எழுதி முடித்தார்கள். கருத்தப்பாண்டி கட்டிலில் படுத்தவர் எழவில்லை, சாப்பாட்டை மட்டும் மறுக்கவில்லை. சிங்கனையும் புதைத்தாயிற்று. அவர் யாரைக் கொல்ல நினைத்தாரோ அந்த நான்கும் உயிரோடு வேப்பமர நிழலில் கிடந்தன.

மூன்று மாதம் கழித்து ஜெபராஜ் ஒரு படிவத்தோடு வந்தான். கம்பெனிமேல் விசாரணை வைத்திருந்தார்கள். சொட்டு போட்ட வீடுகளில் மனிதர்களுக்குப் பாதிப்பு உண்டா என்று எழுதி வாங்க வேண்டும். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, துக்கம் விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அண்ணே, பழைய தாள்ல இல்லைன்னு இருக்கு. இருந்தாலும் மறுபடி கேக்கணும். மருந்து போட்ட சமயத்துல, வீட்டுல முழுகாம இருந்தவங்க..."

"இல்ல" என்றான் ரத்தினவேல்.

தவமணி அடுப்படி வாசலில், அன்று நின்ற அதே இடத்தில் நின்றிருந்தாள்.

"நான் இருந்தேன்" என்றாள். "ரெண்டு மாசம். அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ரெண்டு பேரும் வாயத் தெறக்கல. நாயி எம் மூஞ்சிலதான் தும்முச்சு. எழுதுங்க."

ஜெபராஜின் பேனா ஓடியது.

"இப்பவும் இருக்கேன். நாப்பது நாளு. அதையும் எழுதுங்க."

நாற்பது நாளை அந்த ஊரில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ரத்தினவேல் அவளைப் பார்த்தான். அவனுக்கே அப்போதுதான் தெரியும். ஜெபராஜ் பேனாவை மூடி வைத்தான். "அந்தச் சொட்டு ஒடம்புல தங்குமா, அடுத்த கருவுக்கும் போகுமான்னு இன்னும் தெரியலக்கா. ஒடனே காட்டணும். நான் சீட்டுக்குச் சொல்லுதேன்" என்றான்.

கட்டில் கிரீச்சிட்டது. மூன்று மாதமாகப் பேசாத கருத்தப்பாண்டி ஒருக்களித்துத் திரும்பினார்.

"தம்பி" என்றார். "அப்போ இதுவும் வெள்ளையாத்தான் பொறக்குமோ?"

தவமணி உள்ளே போய் ஒரு பையில் நான்கு சேலையையும், பிரிக்காமல் வைத்திருந்த அந்த வியாழக்கிழமைச் சீட்டையும் போட்டுக்கொண்டாள். முற்றத்தில் இறங்கினாள். வேப்பமரத்தடியில் குனிந்து, ஒவ்வொரு நாயின் முதுகிலும் கையை வைத்து எழுப்பினாள். தொட்டால் போதும், எழுந்துவிடும். இது தெரிய அவளுக்கு இத்தனை காலம் ஆயிற்று.

நான்கும் அவள் காலடியை ஒட்டி நடந்தன. தொட்டியைக் கடந்து, வாசலைக் கடந்து, பஸ் நிற்கும் ரோட்டுக்கு வந்தபோது, பின்னாலிருந்து ரத்தினவேல் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். மறுபடி கூப்பிட்டான். ஆறு தரத்துக்கு மேலேயே கூப்பிட்டிருப்பான்.

நாய்கள் திரும்பவில்லை. அவளும் திரும்பவில்லை.